லாபிரின் சாறிக்கட்டுக்கு வந்த சக்களத்தி

கதை முதலில் அவிழ்ந்தது வீரையாவின் தேநீர்க் கடையில். தர்மபுரத்தில் ஒரு செய்தி உண்மையாவதற்கு அந்தக் கடையை ஒருமுறை கடந்தால் போதும். பேஸ்புக்கில் சாறி விற்கிறோம் என்று சொல்லி ஊர்ப் பெண்களின் காசை விழுங்கிய ‘மயில்தோகை சாறி இல்லம்’ என்ற பக்கத்தை நடத்தியவர் வேறு யாருமில்லையாம். செவ்வாய்க்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் சாறிக்கட்டோடு வருகிற லாபிர் நானாதானாம்.

“சும்மா சொல்லலீங்க,” என்றார் வீரையா, தேநீரை ஆற்றியபடி. “தண்ணீரூத்துல அவரு வீட்டு வாசல்ல கூரியர் வான் நின்னு ரெண்டு மூட்டை எறக்கியிருக்கு. மூட்டையில மயில் படம். பாத்த ஆளு இருக்கு.”

“ஆர் பாத்தது?” என்றேன்.

“பாத்தவர எனக்குத் தெரிஞ்சவருக்குத் தெரியும்.”

இதைவிட நெருங்கிய சாட்சி எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது. ஆனாலும் ஓரிடத்தில் இடறியது. மாதக்கணக்காக வீடு வீடாகப் போய், “போனில சாறி வாங்காதைங்கோ, கள்ளர் கூட்டம்” என்று தொண்டை வற்றச் சொன்னவர் இதே லாபிர்தான். கள்ளன் தன்னைப் பற்றித் தானே எச்சரிக்கை செய்வானா?

“அதுதானே கெட்டித்தனம்,” என்றார் வீரையா.

விசாரித்தே விடுவது என்று தண்ணீரூற்றுக்குப் பஸ் ஏறினேன்.

லாபிரைத் தெரியாதவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். தகப்பனும் சாறிக்கட்டு வியாபாரி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது லாபிர் இளந்தாரி. புத்தளத்தில் இருபது வருடம் பிறத்தியாரின் கடைகளில் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, சண்டை முடிந்த கையோடு திரும்பி வந்தார். வீடு இருந்த இடத்தில் ஒரு பாலைமரம் மட்டும் நின்றது. அந்த மரத்தைச் சாட்சி வைத்து வீட்டைக் கட்டினார். பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பலகையைப் பூட்டி, அதன்மேல் கட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அப்போது இந்த ஊர்களில் எல்லோரும் திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள் இருந்த காலம். ஒருவரிடமும் மாற்றுச் சாறி இல்லை, காசும் இல்லை. லாபிர் சாறியைக் கொடுத்துவிட்டு, “கச்சான் புடுங்கின பிறகு தாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். கச்சான் கடலையைப் பிடுங்கினார்கள், விற்றுக் கொடுத்தார்கள். அப்படித்தான் அந்தத் தொழில் வேரூன்றியது. முதலில் சாறி, பிறகு காசு, அதுவும் தவணை தவணையாக.

வீடுகளுக்குப் போகிற ஒழுங்கையின் தலைப்பில் மூன்று முறை ஹோர்ன் அடிப்பார். அந்த ஒழுங்கையில் இருக்கிற பேச்சியம்மாவின் முற்றத்தில் பாயை விரித்துக் கட்டை அவிழ்ப்பார். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பெருவிரலால் துணியைத் தேய்ப்பார்கள், முந்தானையை நனைத்து வெள்ளைத் துண்டில் உரசிச் சாயம் போகிறதா என்று பார்ப்பார்கள், போன முறை வாங்கியதைப் பற்றிக் குறை சொல்வார்கள், பிறகு அதே போல ஒன்று கேட்பார்கள். தவணைக்குக் காசில்லாத வீட்டில் பிள்ளை வாசலுக்கு வந்து, “அம்மா கிணத்தடிக்குப் போட்டா” என்று சொல்லும். கதவுச்சீலைக்குக் கீழே அம்மாவின் குதிக்கால் தெரியும். லாபிர் சீலைக்குக் கீழே பார்க்கமாட்டார். “அப்ப அடுத்த செவ்வாய் வாறன் எண்டு சொல்லும் தங்கச்சி” என்று குதிக்காலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார்.

நல்ல மனிதர். ஒரேயொரு குறை, பொறாமை. பக்கத்து ஊரில் இன்னொருவர் கட்டை அவிழ்த்தால் இவருக்குச் சோறு இறங்காது. அதை அவர் பொறாமை என்று சொல்லமாட்டார், கவலை என்பார்.

அந்தக் கட்டுக்கு ஒரு சக்களத்தி வந்தாள். வந்த நாளில் நானும் அந்த வழியால் போனேன் என்பதால் இதற்கு நானே சாட்சி.

கட்டு அவிழ்ந்து கிடக்கிறது. பேச்சியம்மாவும் ஒழுங்கையின் பெண்களும் பாயைச் சுற்றி இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கையும் துணியில் இல்லை. எல்லாத் தலைகளும் தர்மிளாவின் போனுக்குள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை அவள், புதிதாகக் கலியாணம் ஆனவள்.

“நானா, இதைப் பாருங்கோவன். மயில்தோகையில இதே பச்சை. உங்கட விலையில அரைவாசியும் இல்லை.”

லாபிர் பார்த்தார். ஒரு பெண் மயில்பச்சைச் சாறியில் சிரித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

“போனுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாக்கேலுமோ? ரெண்டே ரெண்டுதான் மிச்சம் எண்டு போட்டிருக்கிறான், போன மாசமும் அதே ரெண்டுதான் மிச்சமிருந்தது. குரல் கேட்டதோ? எழுத்திலதான் கதைக்கிறான். காசை முந்திப் போடட்டாம். ஊர் பேர் இல்லாதவனுக்கு ஆராவது முந்திக் காசு குடுப்பினமோ?”

“நானாவுக்குப் பொறாமை,” என்றாள் தர்மிளா.

“எனக்கென்ன பொறாமை? கவலை.”

அடுத்தது பேச்சியம்மா. அவவின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. “நானா, ஒங்க கட்டுல இருக்கிறதெல்லாம் போன தீவாளிக்கே பாத்த மூஞ்சிக. நானும் போன்ல ஒண்ணு எடுக்கத்தான் போறேன்.”

லாபிரின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. முதல் சாறியைக் கடனாக வாங்கியவ பேச்சியம்மா. அவவே போகிறா என்றால் ஒழுங்கை முழுவதும் போகும்.

“எடுங்கோ அக்கா. சொன்ன சாறி சொன்ன மாதிரி வந்தால், என்ர கட்டில உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ. காசும் வேண்டாம், தவணையும் வேண்டாம்.”

“வாக்குத்தானே?”

“வாக்குத்தான். அல்லா பாத்துக்கொண்டிருக்கிறான்.”

அதற்குப் பிறகு நடந்ததைத் தண்ணீரூற்றில், பாலைமரத்தடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு லாபிர் சொன்னார். அவர் விட்ட இடங்களைக் குசினிக்குள் சமைத்துக்கொண்டே மனைவி நஸ்மியா நிரப்பினா.

வீட்டுக்கு வந்த லாபிருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் மயில்தோகையைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு சாறியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை.

“போனுக்குள்ள முழுக்கச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாளவையள்,” என்றது குசினிக் குரல். “கேட்டால் சாறியைப் பாக்கிறாராம். சாறிக்குள்ள நிக்கிறவளைப் பாக்கேல்லையாம்.”

“கரையைப் பாத்தனான் நஸ்மியா.”

“கரைக்கு மேலயும் பாத்திருப்பீங்கள்.”

லாபிர் பார்த்தது உண்மையில் விலையைத்தான். வவுனியா மொத்த வியாபாரி முபாறக் தனக்குத் தருகிற விலையை விட மயில்தோகையின் சில்லறை விலை குறைவு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வேறு யாராக இருந்தாலும் இந்த விலைக்குச் சாறி கிடையாது, ஆகவே இது களவு என்று நினைத்திருப்பார்கள். ஒழுங்கையில் அதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் பொறாமை வேறு கணக்குப் போட்டது. முபாறக் இவ்வளவு காலமும் தன்னை ஏமாற்றியிருக்கிறான். அதே சரக்கை யாரோ கொழும்பில் கொட்டிய விலைக்கு எடுக்கிறான். அந்த ஊற்றைத் தானும் பிடித்தால் பேச்சியம்மா என்ன, கண்டாவளைப் பகுதி முழுவதும் தன் கட்டுக்கு முன்னால் வந்து இருக்கும்.

மயில்தோகைக்கு எழுதினார், மொத்தமாக எடுக்கலாமா என்று.

உடனே மறுமொழி வந்தது. “சேர்” என்று விளித்தார்கள். லாபிரை இதுவரை நானா என்றும், காக்கா என்றும், தவணை கேட்கும் நாளில் இன்னும் சில பெயராலும் அழைத்திருக்கிறார்கள். சேர் என்று ஒருவரும் அழைத்ததில்லை. வன்னி முழுவதற்கும் ஒரே முகவராக அவரைப் போட யோசிக்கிறார்களாம். இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம், இன்று மாலைக்குள் முற்பணம் போடுகிறவருக்குத்தான் இடமாம்.

இன்னொருவர். அந்த ஒரு சொல்லில் லாபிர் விழுந்தார்.

“ஆரிட்டயாவது கேட்டீங்களோ?” என்றேன்.

“எப்பிடிக் கேக்கிறது? கேட்டால் அவன் முந்திப் போடுவான்.”

தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த காசு வங்கியில் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போனது. கடைப் பெயரில் கணக்கு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஏற்றுக்கூலி என்றார்கள், போட்டார். காப்புறுதி என்றார்கள், போட்டார். முகவர் என்றால் மின்னஞ்சல் வேண்டும் என்றார்கள், அதையும் அவர்களே திறந்து கொடுத்தார்கள்.

ஒருநாள் கூரியர் வான் வந்து மயில் படம் போட்ட இரண்டு மூட்டைகளை இறக்கியது. பார்த்தவர் பார்த்தது அதைத்தான். அவர் பார்க்காதது, மூட்டையை அவிழ்த்தபோது லாபிரின் முகத்தை. உள்ளே தையல் ஆலையில் வெட்டி எறிந்த துண்டுகள், சாயம் போன திரைச்சீலை, யாரோ பாவித்த கட்டில் விரிப்பு. மயில்பச்சை ஒரு நூல்கூட இல்லை. பேஸ்புக்கில் போய்த் தேடினார். மயில் பறந்துவிட்டிருந்தது.

கள்ளர் இத்துடன் விடவில்லை. கொஞ்ச நாளில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகமாம். லாபிரின் பணம் கிடைத்துவிட்டதாம், அதைக் கணக்கில் சேர்க்க அவர் போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வருமாம், வந்ததும் அதை அனுப்பிவிட வேண்டுமாம். எழுதியவர் பெயர் செல்வி ஷெரின்.

கணக்கில் மிச்சம் இருந்தது மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசு. லாபிர் இலக்கத்துக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இந்த இடத்தில் நஸ்மியா குசினியை விட்டே வெளியில் வந்தா, இதைத் தானே சொல்லவேண்டும் என்று.

“எட்டிப் பாத்தன். முதல் வரி, ‘அன்புள்ள லாபிர்’. கீழ ஷெரின். ஆரவள், என்ர மனுசனை அன்புள்ள எண்டு எழுதிறவள்? கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்தில நானே அப்பிடி ஒரு வார்த்தை எழுதேல்லை.”

“அது கடிதத்தில எல்லாரும் எழுதிறதுதானே நஸ்மியா.”

“நீங்கள் கதைக்காதைங்கோ.”

அவ போனைப் பறித்தா. கீழே இருந்த தொலைபேசி எண்ணுக்கு எடுத்தா. எடுத்தது ஒரு தடித்த ஆண் குரல்.

“ஷெரின் எங்க?” என்று கேட்டா.

“நான்தான் ஷெரின், சொல்லுங்கோ,” என்றது குரல்.

நஸ்மியா அதற்குப் பிறகு சொன்னவற்றை ஒரு பத்திரிகையில் எழுத முடியாது. குரல் வைத்துவிட்டது. அதற்குள் இரகசிய இலக்கம் போனுக்கு வந்து சேர்ந்தது. அதையும் ஷெரின் அனுப்பிய காதல் குறியீடு என்று நினைத்து அவ அழித்துவிட்டா.

மறுநாள் அவவே அவரை வங்கிக்கும் பொலிசுக்கும் இழுத்துக்கொண்டு போனா. வங்கியில் இருந்த பிள்ளை சொன்னாளாம், அந்த இலக்கம் வீட்டுப் பூட்டின் திறப்பு மாதிரி, வங்கியிலிருந்து கேட்கிறோம் என்று சொன்னாலும் கொடுக்கக்கூடாது, கேட்கிற ஆளே கள்ளன் என்று. இன்னும் முந்தி, காசு போட்ட அன்றே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னாளாம். முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள். காசு வருமா என்று தெரியாது.

“என்ர பொறாமையால போனது போக, மிச்சத்தை இவவின்ர பொறாமை பிடிச்சு வைச்சிருக்கு,” என்றார் லாபிர். நஸ்மியா அதற்குச் சிரிக்கவில்லை. ஷெரின் ஆம்பிளைதான் என்பதில் அவவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

நான் வந்த விசயத்தைக் கேட்டேன். ஊரில் அவரைக் கள்ளன் என்கிறார்களே, அதை ஏன் மறுக்கவில்லை?

லாபிர் பாலைமரத்தைப் பார்த்தார். “மறுத்தால் உண்மையைச் சொல்லவேணும். கள்ளன் எண்டால் பயப்பிடுவினம். ஏமாந்தவன் எண்டால் சிரிப்பினம். அவ்வளவு நாள் புத்தி சொல்லிப்போட்டு, எந்த முகத்தோட போறது?”

“இப்ப வியாபாரம்?”

“போன செவ்வாய் தர்மபுரத்தில ஹோர்ன் அடிச்சன். ஒரு வேலிப்படலையும் திறக்கேல்லை. பிள்ளையளும் வந்து அம்மா கிணத்தடியில எண்டு சொல்லேல்லை.”

முபாறக்கிடம் போய் நடந்ததைச் சொல்ல, அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் தீபாவளிச் சரக்கைக் கடனாகக் கொடுத்திருந்தார். யாரைக் கள்ளன் என்று மனதுக்குள் திட்டினாரோ அவருடைய சாறிகள்தான் இப்போது வீட்டுக்குள் கட்டாக இருந்தன. அவை தீபாவளிக்கு முதல் விற்காவிட்டால், இனி விற்பதற்கு ஒரு கட்டும் இருக்காது, போவதற்கு ஒரு ஒழுங்கையும் இருக்காது.

அடுத்த செவ்வாய் லாபிர் இரண்டு கட்டுகளோடு வந்தார். மூன்று முறை ஹோர்ன் அடித்தார். ஒருவரும் வரவில்லை. பேச்சியம்மாவின் முற்றத்துக்குள் தானாகவே போய், பாயை விரித்து, முதல் கட்டை அவிழ்த்துக் கொட்டினார்.

துண்டுகளும் திரைச்சீலையும் கட்டில் விரிப்பும் முற்றத்தில் பரவின. பேச்சியம்மா திண்ணைக் குந்திலிருந்து எட்டிப் பார்த்தா.

“என்னா நானா இது?”

“மயில்தோகை. நான் அனுப்பினதில்லை, எனக்கு வந்தது. உங்களைப் போடாதைங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் முழுக்காசையும் போட்டனான். இப்ப சிரியுங்கோ.”

பேச்சியம்மா சிரித்தா. நன்றாகவே சிரித்தா. அந்தச் சத்தத்துக்குப் படலைகள் திறந்தன. வந்தவர்கள் துண்டுகளைப் பார்த்தார்கள், லாபிரைப் பார்த்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது தர்மிளா மட்டும். அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கு இதுகூட வரேல்லை நானா,” என்றாள் மெல்ல. “காசு போட்டனான். அவருக்கு இன்னும் சொல்லேல்லை.”

பிறகு இன்னொருத்தி தனக்கும் போனது என்றாள். ஒவ்வொருவரும் மற்றவள் சிரிப்பாள் என்று பூட்டி வைத்திருந்த கதை அந்தப் பாயில் வந்து விழுந்தது. முறைப்பாடு எங்கே எழுதுவது என்று லாபிர் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு விசயத்தில் இப்போது அவருக்கு அனுபவம் உண்டு. இரண்டாவது கட்டையும் அவிழ்த்தார். கைகள் துணிக்கு வந்தன. தர்மிளா முந்தானையை நனைத்து உரசிப் பார்த்தாள், முன்பை விடக் கூட நேரம்.

பேச்சியம்மா உள்ளே போய் ஒரு சாறியோடு வந்தா. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கம்பி வேலியில் அதை நீளத்துக்கு விரித்தா.

“இது போன்ல எடுத்தது,” என்றா.

லாபிர் கிட்டப் போனார். பெருவிரலால் தேய்த்தார். நல்ல துணி. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

“எப்பிடி அக்கா?”

“எப்பிடின்னா? ஒங்ககிட்ட எடுக்கிற மாதிரித்தான். மூணு எடத்துக்குப் போன் போட்டேன். சாறிய அனுப்புங்க, கச்சான் புடுங்கினப்புறம் தவணையாத் தாறேன்னு சொன்னேன். மொதல்ல அந்த மயிலு. போனையே எடுக்கல, எழுதுன்னான். ரெண்டாவது ஆளு வச்சிட்டான். மூணாவது கடையில ஒரு பொண்ணு சிரிச்சா. தவணை இல்லம்மா, ஆனா சாறி வந்தப்புறம் பிரிச்சுப் பாத்துட்டுக் காசு குடுங்க, கடை இந்த ரோட்டுல இருக்கு, வேணும்னா வந்து பாருங்கன்னா. கூரியர்காரன நிப்பாட்டி வச்சுப் பிரிச்சுப் பாத்துத்தான் காசு குடுத்தேன். பொருள் கைக்கு வராம காசு குடுத்து எனக்குப் பழக்கமில்ல நானா. நீங்க பழக்கல.”

லாபிர் பழக்கிய பழக்கத்தைக் கொண்டு இன்னொரு கடையில் போய்ச் சாறி எடுத்திருக்கிறா. முகத்தைப் பார்த்தால், இவ ஏமாந்திருந்தாலும் பரவாயில்லை என்று அவர் நினைத்தது போல இருந்தது.

“கரை படத்தில இருந்ததை விட ஒரு விரல் குறைவு போல கிடக்கு,” என்றார்.

“படத்தயும் எடுத்து வச்சிருக்கேன். பாக்கிறீங்களா?”

பார்க்கவில்லை.

“அப்ப வாக்கு?” என்றா பேச்சியம்மா. கண் ஏற்கனவே புதுக் கட்டில் கிடந்த நாவல்நிறச் சாறியில் இருந்தது.

“அக்கா, பந்தயம் கட்டுறது எங்களுக்கு ஹராம்.”

“பந்தயம்னா தோத்தா நானும் குடுக்கணும். நான் எதாச்சும் தாறேன்னு சொன்னேனா? நீங்கதான் சொன்னீங்க. அல்லா பாத்துக்கிட்டிருக்காருன்னும் நீங்கதான் சொன்னீங்க.”

லாபிர் நாவல்நிறத்தைப் பார்த்தார். அது கட்டிலேயே நல்ல சாறி, முபாறக்கின் கடனில் வந்தது. அதைக் கொடுக்க மனமில்லாததற்கு விலை மட்டும் காரணமில்லை. வேலியில் காற்றுக்கு ஆடுகிற அந்த மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் தன் சாறி இரண்டாவதாகப் போய்த் தொங்குவதை நினைக்க அவருக்குப் பொறுக்கவில்லை.

“அடுத்த செவ்வாய் தாறன் அக்கா. இண்டைக்கு முதல் வியாபாரம், சும்மா குடுத்துத் தொடங்கக்கூடாது.”

துண்டுகளைப் பெண்கள் பங்கு போட்டு எடுத்தார்கள், கால்மிதி தைக்க. அன்று நல்ல வியாபாரம். வீரையாவின் கடையில் கதை மறுபடி மாறிவிட்டது. மயில்தோகைக் கள்ளனை லாபிர் நானா தனியாளாகப் போய்ப் பிடித்தாராம்.

அதற்கு அடுத்த செவ்வாய் லாபிருக்குக் காய்ச்சல் என்றார்கள். அதற்கு அடுத்ததில், நாவல்நிறம் தவறிப்போய் வீட்டில் நின்றுவிட்டது என்று அவரே சொன்னார். தீபாவளியும் வந்து போனது. பேச்சியம்மா மாம்பழ மஞ்சளைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனா.

போன செவ்வாய் நான் அவவின் முற்றத்தில் இருந்தேன். ஒழுங்கையின் தலைப்பில் ஹோர்ன் அடிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு யாரோ வருகிற சத்தம் மட்டும் கேட்டது. வேலிக் குரோட்டன் செடிகளுக்குக் கீழே அதன் சில்லும் இரண்டு குதிக்கால்களும் தெரிந்தன.

பேச்சியம்மா குதிக்கால்களைப் பார்க்காத மாதிரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா.

“லாபிர் நானா வந்தாருன்னா,” என்று வேலிக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னா, “அந்த நாவல்நெறத்த அடுத்த செவ்வாய் வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க.”

சில்லு கொஞ்சம் நின்றது. பிறகு உருண்டு போனது.